வயல்ல வண்டி ஓடுது, வீட்ல போன் ஓடுது: இந்தப் போனைத் தானா பதில் சொல்ல வைக்க முடியுமா?

வெண்ணாற்றங்கரை
ஜனவரி 19, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. கம்ப்யூட்டர்னா ஈ-சேவை மையத்துல புள்ளைக்கு சாதிச் சான்றிதழ் எடுத்தப்ப எட்ட நின்னு பார்த்ததோட சரி. கேள்வியே கோணலா இருந்தாலும் பொறுத்துக்கங்க.

நீடாமங்கலம் பக்கம் எங்க ஊரு. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணாப் பிரியுதே மூணாறு தலைப்பு, அங்கேர்ந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். எங்ககிட்ட நெல் அறுக்கிற பெல்ட் வண்டி ஒண்ணு இருக்கு. பாதி பேங்குக் கடன், மீதி என் நகை. வீட்டுக்காரர் வண்டி ஓட்டுவார். நான் போன் ஓட்டுறேன்.

இந்தத் தை, மாசி ரெண்டு மாசந்தான் எங்களுக்கு வருஷமே. சம்பா, தாளடி எல்லாம் ஒரே மூச்சுல விளைஞ்சு நிக்கும். அதுலயும் எனக்கு அவசரம் ஜாஸ்தி. ஜனவரி 28-ல மேட்டூரை அடைச்சு, வயல் காய ஆரம்பிச்சிட்டா டயர் வண்டிக்காரங்களும் உள்ள இறங்கிடுவாங்க. சேறு இருக்கிற வரைக்கும்தான் பெல்ட்டுக்கு மவுசு. அதனால போனை அணைச்சு வைக்கவும் முடியாது, எடுத்து மாளவும் முடியாது.

போன வாரம் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், 63 கால். அத்தனை பேரும் கேக்கிறது மூணே மூணுதான். வண்டி எங்க நிக்குது, எங்க ஊருக்கு எப்ப வரும், மணிக்கு எவ்வளவு. பதிலுக்கு நான் கேக்கிறதும் மாறாது. எந்த ஊரு, எத்தனை மா (எங்க பக்கம் நிலத்தை மாக் கணக்குலதான் அளப்போம்), வயல்ல தண்ணி நிக்குதா, கதிர் சாஞ்சிருக்கா, உளுந்து தெளிச்சாச்சா, வண்டி இறங்கப் பாதை இருக்கா. கிளிப்பிள்ளை மாதிரி நாள் பூரா இதேதான். தோசை மாவுக் கையோட எடுத்துப் பேசிப் பேசி என் போன்ல ஸ்பீக்கர் ஓட்டையே அடைச்சுப் போச்சு, கொண்டை ஊசி வச்சு நோண்டினேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஊரே திட்டுது. எனக்கு அதுதான் ஆபீஸ். கேட்டுப் போட்டா வண்டி நகராது, அந்த நேரத்துல விட்டுப்போன கால் பத்துக்கும் திருப்பிப் போட்டுப் பேசி முடிச்சிடுவேன். கேட்டு திறந்துட்டா கொஞ்சம் வருத்தமாக்கூட இருக்கும்.

என் அண்ணன் மவன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன்கிட்ட கேட்டதுக்கு, "அதுக்கெல்லாம் கோடு எழுதணும் அத்தை"ன்னுட்டு எழுந்து போயிட்டான். கோலத்துல கோடு இழுக்கவே எனக்கு நேரா வராது. நானா ஏதோ ஒரு ஆப்பை இறக்கிப் பார்த்தேன், எல்லாம் இங்கிலீஷு, சிவப்பு, நீலம், பச்சைன்னு மூணு கட்டம் வந்து நின்னுச்சு. பயந்து மூடிட்டேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நான் எடுக்க முடியாத காலுக்குப் போனே ஒரு பதில் போட்டு வைக்கணும். ஒரே சங்கதியை நாப்பது தரம் டைப் அடிக்காம இருக்கணும். இன்னொண்ணு, வீட்டுக்காரர் போன். வண்டிச் சத்தத்துல அவருக்கு எதுவும் கேக்காது. சோறு கட்டிக்கிட்டுப் போய் வரப்புல நின்னு துண்டை ஆட்டிக்கிட்டு இருக்கேன் தினம். அதுக்கும் ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க. காசு குடுத்து ஆள் வச்சுக்கன்னு மட்டும் சொல்லாதீங்க.


குடந்தை_மெஸ்
ஜனவரி 19, இரவு 10.35

அம்மா, கும்பகோணத்துல சின்னதா மெஸ் நடத்துறேன். முகூர்த்த நாள்ல நானும் உங்களை மாதிரித்தான் கிடந்து அல்லாடினேன். எனக்குக் கைகொடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். காசு கிடையாது, அதே நம்பர்லயே மாத்திக்கலாம். மாத்துறதுக்கு முன்னாடி பழைய வாட்ஸ்அப்பை பேக்கப் எடுத்துக்கங்க, அது முக்கியம்.

அதுல 'குயிக் ரிப்ளை'ன்னு ஒண்ணு. நீங்க நாப்பது தரம் அடிக்கிற பதிலை ஒரே தரம் எழுதி வச்சு அதுக்கு 1, 2, 3ன்னு பேர் குடுத்துடுங்க. அப்புறம் ஒரு சாய்கோடு போட்டு 1-ஐத் தட்டினா முழுப் பதிலும் வந்து நிக்கும். அம்பது பதில் வரைக்கும் வச்சுக்கலாம். எனக்கு ஆறே போதுமா இருக்கு. ஆறாவது, 'சாம்பார் வாளியைத் திருப்பித் தரவும்'.

'அவே மெசேஜ்'னும் ஒண்ணு இருக்கு, நீங்க இல்லாத நேரத்துக்கு அதுவே பதில் போடும். எந்த நேரத்துக்குன்னு குறிச்சு வைக்கலாம், யார் யாருக்குன்னும் பிரிக்கலாம். 'கிரீட்டிங்' வேற. அது புதுசா வர்றவங்களுக்கும், பதினாலு நாளாப் பேச்சுவார்த்தை இல்லாம இருந்து திரும்ப வர்றவங்களுக்கும் போகும். எல்லாத்துக்கும் நெட் ஆன்ல இருக்கணும்.

ஒரு சந்தேகம். உங்க ஆளுங்க வாட்ஸ்அப்ல வருவாங்களா, நேரா போன்தானா?


வெண்ணாற்றங்கரை
ஜனவரி 19, இரவு 10.48

அங்கதான் இடிக்குதுங்க. பாதிக்கு மேல பட்டன் போன். வாட்ஸ்அப்ல வர்றது சின்னப் பசங்க, அதுலயும் வயலை வீடியோ எடுத்து அனுப்பிட்டு 'ஆண்ட்டி ரேட்'டும்பானுங்க. ஆனா உங்க குயிக் ரிப்ளையை இப்பவே போட்டுட்டேன். 1-ஐ அழுத்தினா மணிக் கணக்கு, 2-ஐ அழுத்தினா ஊரு எது மா எத்தனைன்னு கேள்வி. நல்லாருக்கு. சாம்பார் வாளி மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும், 'டீசல் கேனைத் திருப்பித் தரவும்'.


செல்கடை_மன்னை
ஜனவரி 20, காலை 7.15

அக்கா, மன்னார்குடியில செல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். கடை திறக்குறதுக்கு முன்னாடி எழுதுறேன், நீளமாப் போகும்.

கோடு கீடு எதுவும் வேணாம். நீங்க பயந்து மூடுன அந்த மூணு கலர் கட்டம் மேக்ரோடிராய்டா இருக்கணும். சரியான ஆப்பைத்தான் இறக்கியிருக்கீங்க. ஆனா முதல்ல போனைக் கீழ வைங்க. புக்கிங் எழுத ஒரு டைரி வச்சிருப்பீங்கல்ல, அதை எடுத்து மூணு வரி எழுதுங்க. எப்போ? என்ன செய்யணும்? எப்போ செய்யக்கூடாது?

வயலுக்குத் தண்ணி கட்டப் புதுசா ஒரு பையனை விடுறீங்கன்னு வைங்க. 'வாய்க்கால்ல தண்ணி வந்தா மடையைத் தொற'ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டா அவன் நடுராத்திரியும் தொறப்பான், உரம் போட்ட அன்னிக்கும் தொறப்பான். மறுநாள் பார்த்தா உங்க யூரியா பூரா பக்கத்து வயல்ல இருக்கும். அவன் மேல தப்பு இல்ல, நீங்க சொல்லல. போனும் அந்தப் பையன்தான். சொன்னதைச் செய்யும், சொல்லாததைத் தெரிஞ்சுக்காது.

இப்ப ஆப்பைத் திறங்க. சிவப்புக் கட்டம்தான் 'எப்போ'. அதுல கால் சம்பந்தமான பகுதிக்குள்ள போனா 'கால் மிஸ்டு' இருக்கும், அதைத் தொடுங்க. யாரோட காலுக்குன்னு கேக்கும். நீலக் கட்டம் 'என்ன செய்யணும்'. அதுல எஸ்எம்எஸ் அனுப்புறதை எடுத்து, கூப்பிட்டவங்களுக்கே போற மாதிரி வச்சு, சங்கதியைத் தமிழ்லயே அடிச்சுடுங்க. பச்சைக் கட்டம் நிபந்தனை. காலையில ஆறு மணிலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் மட்டும்னு போடலாம், இன்ன கிழமைன்னு போடலாம். என் கடைக்கு வர்றவங்க பத்துல ஒம்பது பேர் இந்தப் பச்சையைக் காலியா விட்டுட்டுப் போவாங்க, ரெண்டு நாள்ல திரும்பி வருவாங்க. நீங்க விட்டுடாதீங்க.

இந்த மூணு கட்டமும் சேர்ந்த ஒரு ஏற்பாட்டுக்குப் பேர்தான் மேக்ரோ. காசில்லாம அஞ்சு மேக்ரோ வரைக்கும் வச்சுக்கலாம், விளம்பரம் வரும். உங்களுக்கு அஞ்சு தாராளம்.

அடுத்து, எல்லாரும் சறுக்குற இடம். ஆப் கண்ணுக்கு முன்னாடி இல்லன்னா, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன்னு போனே அதைத் தூங்க வச்சுடும். நேத்து வேலை செஞ்சது இன்னிக்குச் செய்யலன்னா காரணம் பெரும்பாலும் இதுதான். செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்குள்ள போயி பேட்டரியில 'அன்ரெஸ்ட்ரிக்டட்'னு மாத்துங்க. சில போன்ல 'ஆட்டோ ஸ்டார்ட்'னு தனியா ஒண்ணு இருக்கும், அதையும் ஆன் பண்ணுங்க. உங்களது சாம்சங் போனா இருந்தா, 'மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்'னு செட்டிங்ஸ்லயே இதுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான். சின்னச் சின்ன வேலைக்கு அவனே போதும்.

மாமா போனுக்கும் இதே ஆப்தான். எப்போ: உங்க நம்பர்லேர்ந்து 'சோறு'ன்னு எஸ்எம்எஸ் வந்தா. என்ன: சத்தத்தை முழுசா வை, டார்ச்சை எரிய விடு, 'சோறு வந்துருக்கு'ன்னு வாய்விட்டுச் சொல்லு. கூகுளோட பேச்சுக் குரல்ல தமிழும் இருக்கு, ஒரு தடவை இறக்கி வச்சுட்டா போதும். வண்டிச் சத்தத்துல குரல் கேக்கலன்னாலும் டார்ச் தெரியும். போனை எங்க மாட்டி வச்சிருக்கார்?


வெண்ணாற்றங்கரை
ஜனவரி 20, காலை 7.40

ஸ்டியரிங் பக்கத்துல பிளாஸ்டிக் கவர்ல கட்டித் தொங்க விட்டிருக்கார் தம்பி. தூசி அடையுமேன்னு கவர். டார்ச் கண்ணுல அடிக்கும், அது போதும். பச்சைக் கட்டத்தை மத்தியானம் பொறுமையாப் போட்டுக்கிறேன், இப்ப சிவப்பையும் நீலத்தையும் முடிச்சிடுறேன். வாசல்ல ஆள் வந்து நிக்குது.


ஓய்வு_காசாளர்
ஜனவரி 20, காலை 11.20

அம்மணி, திருவையாற்றிலிருந்து எழுதுகிறேன். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்னது அனைத்தும் சரி. நான் சொல்வது வேலியைப் பற்றி.

இந்த மாதிரிச் செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். 'இதோ இருக்கிறது' என்று எவராவது வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ப்ளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பினால் தொடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும், விவசாயிகளுக்கான உதவித்தொகை என்ற பெயரிலும் அவை உலவுகின்றன. ஒரு தட்டில் போன் அவன் கைக்குப் போய்விடும்.

தவறிய அழைப்புக்குப் பதில் அனுப்ப அழைப்புப் பதிவு, தொடர்புகள், எஸ்எம்எஸ் ஆகிய அனுமதிகள் போதும். 'அக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்டால் நின்று யோசியுங்கள். பார்வைக் குறைவு போன்ற சிரமம் உள்ளவர்களுக்காக ஏற்பட்ட வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் அந்தச் செயலி உங்கள் திரையைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாக விரலும் வைக்கலாம். தெரிந்த செயலிக்கு, தெரிந்த காரணத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டியது.

வந்த எஸ்எம்எஸ்ஸை எல்லாம் வேறொரு எண்ணுக்குத் தானாக அனுப்பும்படி சிலர் அமைத்துக் கொடுப்பார்கள். ஓடிபியும் அதோடு சேர்ந்து போகும் என்பது அப்போது நினைவுக்கு வராது. யுபிஐ பணத்தையும் தானியங்கி வேலைக்குள் கொண்டு வராதீர்கள். பின் நம்பர் உங்கள் விரலோடு இருக்கட்டும்.

எடுக்க முடியாத அழைப்பை வீட்டுக்காரர் எண்ணுக்குத் திருப்பிவிட நட்சத்திரக் குறியோடு ஏதாவது எண்ணை அழுத்தச் சொல்லி யாராவது யோசனை கூறினால், வேண்டாம். மோசடிக்காரர்கள் அந்த வழியில் ஓடிபி அழைப்புகளைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள் என்றுதான் 2024 ஏப்ரல் 15 முதல் அவ்வகைத் திருப்பு வசதியை நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஏதேனும் பணம் போய்விட்டால் அழவோ யோசிக்கவோ நேரம் எடுக்காமல் 1930-க்கு அடியுங்கள்.


வடுவூரான்_சிங்கப்பூர்
ஜனவரி 20, மாலை 6.05

அக்கா நமக்கு வடுவூர். எல்லாரும் ஆண்ட்ராய்டு பத்திச் சொல்லிட்டாங்க. ஐபோன் வச்சிருக்கவங்க யாராவது படிச்சா, அதுல 'ஷார்ட்கட்ஸ்' இருக்கு, 2018-ல ஐஓஎஸ் 12 வந்தப்ப வந்தது. எனக்குக் காலையில அலாரத்தை நிறுத்துனதும் இன்னிக்கு மழை உண்டான்னு வாசிச்சுச் சொல்லும். சைட் வேலைக்கு அது ரொம்ப முக்கியம்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. எங்க அப்பா பட்டன் போன்தான் வச்சிருக்கார், எழுதப் படிக்கத் தெரியாது. எஸ்எம்எஸ் வந்தா யாராவது புள்ளைங்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுவார். 'எத்தனை மா, தண்ணி நிக்குதா'ன்னு கேட்டு அனுப்புனீங்கன்னா அவரால பதில் அனுப்ப முடியாது. அவருக்கு வேண்டியது ஒண்ணுதான், இந்தம்மா நம்ம காலைப் பார்த்துச்சா இல்லையா. ஊர்ல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருப்பாங்க. யோசிச்சுப் பாருங்க.


செல்கடை_மன்னை
ஜனவரி 20, இரவு 9.10

வடுவூரான் சொல்றது நியாயம். எனக்குத் தோணாமப் போச்சு. போதாததுக்கு, பழைய பட்டன் போன் சிலதுல தமிழ் எழுத்தே வராது, கட்டம் கட்டமாத் தெரியும்.


வெண்ணாற்றங்கரை
பிப்ரவரி 6, இரவு 10.20

கோவிச்சுக்காதீங்க எல்லாரும், பதில் போட இத்தனை நாள் ஆயிடுச்சு. நடந்ததைச் சொல்றேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க, நான் சிரிக்க ஒரு வாரம் ஆச்சு.

அன்னிக்குக் காலையில சிவப்பும் நீலமும் போட்டேனா, மத்தியானம் பச்சை போடுறேன்னேனா, போடல. சிவப்புல 'யார் கூப்பிட்டாலும்'னு வச்சிருந்தேன். நீலத்துல நான் எழுதினது இது: "வணக்கம். பெல்ட் வண்டி இப்போது பூவனூரில் ஓடுகிறது. உங்கள் ஊர் எது? எத்தனை மா? தண்ணீர் நிற்கிறதா? கதிர் சாய்ந்திருக்கிறதா? உளுந்து தெளித்தாகிவிட்டதா? பதில் அனுப்பவும்." நல்லா இலக்கணமா எழுதணும்னு உக்காந்து எழுதினது.

முதல் நாள் ஒண்ணும் குறை இல்ல. சிலிண்டர் போடுற தம்பிக்குப் போச்சு, சிரிச்சிட்டான். மக ஸ்கூல் டீச்சருக்குப் போச்சு, அவங்க 'எங்களுக்கு வயல் இல்லைங்க'ன்னு மரியாதையா பதில் அனுப்பினாங்க. பூவனூர் முடிஞ்சு வண்டி ரிஷியூர் போயும் போன் பூவனூர்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ரெண்டு பேர் பூவனூர் போயித் தேடிட்டு வந்து என்னைப் பிடிச்சுக் கத்தினாங்க.

மறுநாள் விடியக்காலை நாலரைக்கு மாட்டுக் கொட்டாயில நின்னேன், போன் உள்ள கிடந்துச்சு. வலங்கைமான் பக்கம் எங்க பெரிய மாமனார் படுத்த படுக்கையா இருந்தவர் தவறிட்டார். அவர் மகன், எனக்கு மூத்தார் முறை, சேதி சொல்லக் கூப்பிட்டிருக்கார். நான் எடுக்கல. என் போன் எடுத்து, எத்தனை மா, தண்ணி நிக்குதா, கதிர் சாஞ்சிருக்கான்னு கேட்டுருச்சு.

நான் பார்த்துட்டுப் பதறிப் போய்த் திருப்பிக் கூப்பிட்டேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சாஞ்சுடுச்சும்மா"ன்னார்.

எனக்குக் கை கால் ஆடிப் போச்சு. சாவு வீட்ல போய் அவர் முகத்தைப் பார்க்க முடியல. அவர் ஒண்ணும் நினைக்கல, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சப்ப அவரே எல்லார்கிட்டயும் அதைச் சொல்லிச் சிரிச்சார்னு கேள்வி. ஆனா அன்னிக்குக் காலையிலயே அந்த ஆப்பைத் தூக்கிப் போட்டுட்டேன்.

இதுக்கு நடுவுல எஸ்எம்எஸ்ஸும் தீர்ந்து போயிருந்துச்சு. முதல் நாளே மத்தியானத்துக்கு மேல யாருக்கும் போகல. ஒரு நாளைக்கு நூறு இருக்கே, நாப்பது கால் கூட வரலையேன்னு குழம்பிப் போனேன்.

அப்புறம் நாலு நாள் கழிச்சு, வண்டிக்கு ஒரு பெல்ட் ரோலர் வாங்க மன்னார்குடி போனப்ப தம்பி கடைக்கே போயிட்டேன். தம்பி சொல்லட்டும்.


செல்கடை_மன்னை
பிப்ரவரி 6, இரவு 10.50

அக்கா கடைக்கு வந்து முதல்ல கேட்டது, "ஏன்யா, பச்சையைப் போடலன்னா இவ்வளவு ஆகும்னு சொல்லக்கூடாதா?" சொன்னேங்கக்கா. 🙂

எஸ்எம்எஸ் தீர்ந்த கதை எல்லாருக்கும் உபயோகப்படும். இங்கிலீஷ் எழுத்துல ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ்ல 70-தான். அதைத் தாண்டினா 67, 67-ஆ வெட்டி வெட்டி அனுப்பும், ஒவ்வொரு துண்டும் ஒரு எஸ்எம்எஸ் கணக்கு. தமிழ்ல இன்னொரு சூட்சுமம், நாம ஒரு எழுத்துன்னு நினைக்கிறதைப் போன் ரெண்டா எண்ணும். 'மா'ங்கிறது ம ஒண்ணு, துணைக்கால் ஒண்ணு. புள்ளியும் தனி. அக்கா எழுதின இலக்கணத் தமிழை எண்ணிப் பார்த்தேன், 165. அதாவது மூணு துண்டு. முப்பத்தி மூணு பேரோட நூறு காலி.

மூத்தார் விஷயத்துக்கு வழி அக்காவே கண்டுபிடிச்சாங்க, நான் இல்ல.


வெண்ணாற்றங்கரை
பிப்ரவரி 6, இரவு 11.15

வழி என்ன வழி, கையிலேயே இருந்துச்சு. என் போன்ல சொந்தக்காரங்க எல்லாம் முறை போட்டு இருப்பாங்க: மூத்தார், நாத்தனா, சின்ன மாமா. வண்டி கேக்கிறவங்க எல்லாம் ஊர்ப் பேர்ல இருப்பாங்க: ரிஷியூர் மேலத்தெரு, கோயில்வெண்ணி பம்புசெட்டு, கொரடாச்சேரி கண்ணாடி. ஆள் பேர் எனக்கு நினைவுல நிக்காது, வயல் நிக்கும். தம்பிகிட்ட இதைச் சொன்னதும் ஊர்ப் பேர் போட்டவங்களை மட்டும் ஒரு குழுவா சேர்த்துட்டார். நூத்திச் சொச்சம் பேரு, ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரம் ஆச்சு. இப்ப அந்தக் குழுவுக்கும், பேர் பதியாத புது நம்பருக்கும் மட்டும்தான் பதில் போகுது. அதுவும் காலை ஆறுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும். நல்லது கெட்டது சொல்ற கால் விடியக்காலையிலதான் வரும், அந்த நேரத்துல போன் வாயைத் திறக்கக் கூடாது.

புது நம்பர்ல சொந்தக்காரங்க யாராவது கூப்பிட்டா? அதுவும் யோசிச்சோம். சங்கதியையே மாத்திட்டோம். வடுவூரான் தம்பி சொன்ன மாதிரி கேள்வி எல்லாத்தையும் எடுத்தாச்சு, வண்டி நிக்கிற ஊரையும் எடுத்தாச்சு. ஊர் மாற மாற மாத்தறதுக்குத் தம்பி ஒரு பட்டன் வச்சுத் தரேன்னார், வேணாம்னுட்டேன். மாத்த மறந்துட்டா மறுபடி யாராவது பூவனூர்ல போய் நிப்பாங்க.

மத்தியானம் ரெண்டு மணிக்குச் சோறு குடுத்துட்டு வந்து உக்காந்து வரிசையா எல்லாரையும் கூப்பிட்டுடுறேன். அந்தக் கேள்வியெல்லாம் என் வாயால கேக்கும்போது இன்னொரு லாபம். "தண்ணி நிக்குதா"ன்னா "இல்ல இல்ல, நல்லா காஞ்சிருக்கு"ம்பாங்க, அந்த இழுப்புலயே முழங்கால் சேறுன்னு தெரிஞ்சுடும். எஸ்எம்எஸ்ல இழுப்பு தெரியாது.

ராத்திரிக்குத் 'தொந்தரவு செய்யாதே' போட்டு வைக்கிறேன். அதுல ஒரு வசதி இருக்கு, ஒரே ஆள் பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள ரெண்டாந்தரம் கூப்பிட்டா சத்தம் போடும். சாவுச் சேதி சொல்றவங்க ஒரு தடவையோட விட மாட்டாங்க. வண்டி கேக்கிறவங்களும் விட மாட்டாங்கதான், என்ன பண்றது.

சோறு மேக்ரோ அருமை. முதல் நாள் டார்ச் எரிஞ்சதும் வீட்டுக்காரர் வண்டியில ஏதோ கோளாறுன்னு பயந்து போயி இன்ஜினை நிறுத்திட்டார். நிறுத்தின அமைதியில போன் மட்டும் வயல் பூரா கேக்கிற மாதிரி 'சோறு வந்துருக்கு, சோறு வந்துருக்கு'ன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நாலு வயல் தள்ளி வைக்கோல் கட்டிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் எழுந்து பார்த்தாங்க. இப்ப அவங்களும் அந்தக் குரலுக்குத்தான் கை கழுவுறாங்க.

காசாளர் ஐயா, நீங்க சொன்ன அக்சஸிபிலிட்டி எதுவும் குடுக்கல, தம்பி முன்னாடியே வச்சுப் பார்த்துட்டேன்.


குடந்தை_மெஸ்
பிப்ரவரி 7, காலை 6.30

'சாஞ்சுடுச்சும்மா' படிச்சிட்டு அடுப்புல பால் பொங்கினது தெரியல எனக்கு. என் அவே மெசேஜை இப்பதான் எடுத்துப் பார்த்தேன். 'உங்கள் ஆர்டருக்கு மகிழ்ச்சி'ன்னு எல்லாருக்கும் போய்க்கிட்டு இருந்துருக்கு. மாத்திட்டேன்.


செல்கடை_மன்னை
பிப்ரவரி 7, காலை 10.05

அக்கா, கொரடாச்சேரிலேர்ந்து இன்னொரு பெல்ட் வண்டிக்காரர் கடையில வந்து நிக்கிறார். உங்க சங்கதி அப்படியே வேணுமாம். போட்டு விடுங்க.


வெண்ணாற்றங்கரை
பிப்ரவரி 7, மதியம் 1.55

போட்டிக்கு வண்டி விடுறவருக்கு என் சங்கதியா? சரி, அறுக்காம நிக்கிற வயல் ரெண்டு பேருக்கும் போதும். தம்பி எண்ணிப் பார்த்து 64 எழுத்து, ஒரே துண்டுன்னு சொன்னது இதுதான்:

"பெல்ட் வண்டி. கால் பாத்தேன். மதியம் 2க்கு மேல நானே கூப்பிடுறேன்."

ரெண்டு மணிங்கிறதை அவர் சோத்து நேரத்துக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கச் சொல்லுங்க. எனக்கு நேரமாச்சு, இன்னிக்கு வரிசையில பதினேழு பேரு.